கம்பி யாருடையது? நெட்வொர்க் வகைகள், ஒரு ஜவுளிக்கடையை வைத்து முழுமையான வழிகாட்டி

பாடப்புத்தகத்தில் நெட்வொர்க் வகைகள் என்றால் ஒரு அட்டவணை இருக்கும். பேன், லேன், மேன், வேன் என்று நாலு வரிசை. எதிரே பத்து மீட்டர், ஒரு கட்டடம், ஒரு நகரம், ஒரு நாடு என்று தூரம். தேர்வுக்கு அது போதும், வேலைக்கு உதவாது. தமிழில் படிப்பவர்களுக்குக் கூடுதல் குழப்பம் வேறு: பேன் தலையில் இருப்பது, வேன் ரோட்டில் ஓடுவது.

கடை கடையாகக் கேபிள் இழுக்கும் வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: தூரம் ரெண்டாம்பட்சம். முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கம்பி யாருடையது? அறுந்தால் யாருக்குப் போன் போடுவது? உங்கள் சுவருக்குள், உங்கள் காசில் இழுத்த கம்பி என்றால் லேன். தெருவில் கேபிள்காரர் இழுத்தது என்றால் அது வேறு உலகம். எல்லையைத் தாண்டும்போது வேகம், விலை, பழுது பார்க்கும் முறை எல்லாமே மாறும்.

இதை ஒரு கடையை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். திருநெல்வேலியில் மூன்று மாடி ஜவுளிக்கடை, தெருவுக்கு எதிர்ப்புறம் குடோன், தென்காசியில் ஒரு கிளை. நான் வேலை பார்த்த சில கடைகளைக் கலந்து செய்த கடை இது. உங்களுடையது பள்ளிக்கூடமோ கிளினிக்கோ ஆனாலும் வரிசை மாறாது.

படி 1: கம்பிக்கு முன்னால் காகிதம்

கேபிள் பெட்டியைத் திறப்பதற்கு முன் கடையை ஒரு தாளில் வரையுங்கள். எந்த மாடியில் எத்தனை கணினி, பில் பிரிண்டர் எங்கே, கேமரா எத்தனை, பில்லிங் மென்பொருளின் தரவு எந்தக் கணினியில் இருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பல கடைகளில் உடனே பதில் வராது.

எல்லாக் கவுண்டரும் ஒரே கணினியிடம் கேட்டு வேலை செய்தால் அது கிளையன்ட்-சர்வர் முறை. ஆளுக்கு ஆள் ஃபோல்டரைப் பகிர்ந்துகொண்டால் பியர்-டு-பியர். ரெண்டாவது முறை மூன்று நாலு கணினி வரை தாங்கும், அதற்கு மேல் யாரிடம் எந்த ஃபைல் என்று தேடுவதே வேலையாகிவிடும். எதுவானாலும், முதலாளி மேசைக் கணினியைச் சர்வராக்காதீர்கள். அவர் மதியம் சாப்பிடக் கிளம்பும்போது கரண்ட் மிச்சம் என்று அணைத்துவிட்டுப் போவார். கீழே மூன்று கவுண்டரும் நிற்கும். முகூர்த்த நாளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் எண்கள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் இருக்கும் முகவரி எண்தான் ஐபி. சொந்த நெட்வொர்க்குக்குள் புழங்கவென்றே மூன்று ஐபி தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. கடையில் வாங்கும் ரவுட்டர் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையோடு வரும். அதை அப்படியே விடாமல் நெல்லைக்கு 192.168.10, தென்காசிக்கு 192.168.20 என்று மாற்றி எழுதிவையுங்கள். ஏன் என்பது படி 7-இல் தெரியும். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் விட்டு ரெண்டு நாள் தவித்தவன் நான்.

படி 2: கைக்கெட்டும் தூரம்

பேன் என்பது ஒரு ஆளைச் சுற்றியுள்ள நெட்வொர்க். கடையில் பார்கோடு ஸ்கேனர், கையடக்க பில் பிரிண்டர், கல்லாவில் இருப்பவர் காதில் மாட்டிய இயர்பட்ஸ். எல்லாம் புளூடூத். சாதாரணச் சாதனங்களில் சுமார் பத்து மீட்டர் எட்டும். முதன்மைச் சாதனம் ஒன்றோடு ஒரே நேரத்தில் ஏழு சாதனங்கள் வரைதான் சுறுசுறுப்பாக இணைந்திருக்க முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. புளூடூத்தும் பழைய வகை வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. ஸ்கேனர் விட்டு விட்டு வேலை செய்தால், புதிது வாங்கும் முன் அதன் ரிசீவரைக் கணினியின் பின்பக்கத்திலிருந்து எடுத்து முன்பக்கம் சொருகிப் பாருங்கள். பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகிவிடும்.

படி 3: சொந்தச் சுவருக்குள்

பில்லிங் நிற்பதும் ஓடுவதும் லேன் கையில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

லேனின் அடிப்படை ஈதர்நெட். 1973-இல் செராக்ஸ் நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கியது. அப்போது வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட். இன்று நாம் சுவரில் மாட்டும் சாதாரண ஸ்விட்ச், அதாவது எல்லாக் கணினியின் கேபிளும் வந்து சேரும் பெட்டி, 1,000 மெகாபிட் ஓட்டுகிறது. ஆரம்பத்தில் எல்லாக் கணினியும் ஒரே கம்பியில் தொங்கும். பழைய பிரவுசிங் சென்டர்களில் டிவி கேபிள் மாதிரி ஒரு கருப்புக் கம்பி, கணினிக்குக் கணினி ஒரு டி வடிவ இணைப்பு, கடைசியில் ஒரு மூடி என்று இருந்தது நினைவிருக்கலாம். அதுதான் பஸ் அமைப்பு. ஒரு மூடி கழன்றால் வரிசை மொத்தமும் படுத்துவிடும். இப்போது எல்லாம் நட்சத்திர அமைப்பு: நடுவில் ஸ்விட்ச், அதிலிருந்து ஆளுக்கொரு கேபிள். ஒன்று அறுந்தால் அந்த ஒன்றுதான் போகும்.

முதலில் கேபிள். கேட் 6 என்ற வகை போதும், ஆனால் செம்பு என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சந்தையில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. உள்கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அது நாலு தடவை வளைத்தால் ஒடியும், கேமராவுக்குக் கேபிள் வழியாகவே கரண்ட் அனுப்பும்போது சூடாகும். பில்லில் என்ன எழுதியிருந்தாலும் சுரண்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது தலை கட்டுவது, அதாவது கிரிம்பிங். வெளியுறையை ஒன்றரை அங்குலம் உரித்தால் நாலு ஜோடி முறுக்குக் கம்பி. முறுக்கைப் பிரித்து, ஆர்ஜே45 கனெக்டரின் கிளிப் கீழே இருக்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாக அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் நீலத்தைத் தாண்டிப் பிரிந்து நிற்பதுதான் புதியவர்கள் தவறும் இடம். நுனியை ஒரே மட்டமாக வெட்டி, கனெக்டரின் முனைவரை தள்ளி, வெளியுறையும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். உறை வெளியே நின்றால் இன்று ஓடும், ஆறு மாதத்தில் யாராவது இழுக்கும்போது கழன்றுவிடும்.

இன்னொரு நுணுக்கம். 100 மெகாபிட்டுக்கு எட்டில் நாலு கம்பியே போதும்: 1, 2, 3, 6. ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். அதனால் பழுப்பு ஒன்று சரியாகக் கடிபடாமல் போனாலும் நெட்வொர்க் செத்துப்போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள், ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று மட்டும் சொல்வார்கள். விண்டோஸில் இணைப்பின் நிலையைத் திறந்து வேகம் 100 என்றிருக்கிறதா, 1 ஜிபிபிஎஸ் (அதாவது 1,000 மெகாபிட்) என்றிருக்கிறதா என்று ஒவ்வொரு கணினியிலும் பாருங்கள்.

ஸ்விட்சிலிருந்து கணினிவரை மொத்தம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மூன்று மாடிக் கடையில் மாடிக்கு ஒரு ஸ்விட்ச், அவற்றிலிருந்து கீழே நெட்வொர்க் பெட்டிகளை வைக்கும் ராக்குக்கு ஒரு கேபிள் என்று இறக்கினால் இந்தக் கணக்கே வராது. கேமராக்களுக்குத் தனி ஸ்விட்ச் நல்லது. முழு ஹெச்டி கேமரா ஒன்று சுமார் 4 மெகாபிட் ஓயாமல் அனுப்பும் என்று வைத்தாலும் 16 கேமராவுக்கு 64 மெகாபிட். 100-க்கு இறங்கிய ஒரு கம்பியில் பில்லிங்கும் இதோடு சேர்ந்தால் திண்டாட்டம்தான்.

இங்கே ஒரு கதை. ஒரு கடையில் சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாமே நின்றது. ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தமாதிரி மின்னுகிறது. அணைத்துப் போட்டால் சில வினாடி ஓடும், மறுபடி நிற்கும். ரவுட்டரை மாற்றினேன், சர்வரைச் சந்தேகப்பட்டேன், ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால், மேசைக்கடியில் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைக் கூட்டுகிற பையன் பொறுப்பாக எடுத்து, பக்கத்திலிருந்த சின்ன ஸ்விட்சின் காலித் துளையில் சொருகியிருக்கிறான். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. அனைவருக்குமான செய்தி ஒன்று அந்த வளையத்துக்குள் நுழைந்தால் வெளியே வழி தெரியாமல் சுற்றிப் பெருகிக்கொண்டே இருக்கும். ஈதர்நெட் செய்திக்கு ‘இத்தனை சுற்றோடு நீ செத்துப்போ’ என்ற கணக்கு கிடையாது. பையன்மேல் தப்பில்லை. கேபிளைத் தொங்கவிட்டவன் நான். அன்றிலிருந்து வளையத்தைத் தானே கண்டுபிடித்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் வாங்குகிறேன், விலை கொஞ்சம் கூடுதலானாலும்.

படி 4: கம்பியில்லாத லேன்

வைஃபையும் லேன்தான், கம்பிக்குப் பதில் காற்று. காற்று மட்டும் உங்களுக்குச் சொந்தமில்லை. பக்கத்து நகைக்கடையும் மாடியில் இருக்கும் டியூஷன் சென்டரும் அதே காற்றில்தான் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்று மட்டுமே. மாடிக்கு ஒரு அக்சஸ் பாயின்ட் (வைஃபை அலையை அனுப்பும் பெட்டி) வைத்து, இந்த மூன்றையும் மாடிக்கு ஒன்றாகக் கொடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகமும் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும். ஜவுளிக்கடையில் ஆளுயர இரும்பு ராக்குகளும் கண்ணாடிகளும் வேறு அலையைத் திருப்பிவிடும். அதனால் அக்சஸ் பாயின்ட்டைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்துவைக்காமல் கூரையில் மாட்டுங்கள்.

பில்லிங் கணினியை வைஃபையில் போடலாமா என்று கேட்பார்கள். கேபிள் போக வழி இருக்கும்வரை வேண்டாம்.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதானால் அது தனி நெட்வொர்க்காக இருக்க வேண்டும். இதற்குத் தனிக் கேபிள் இழுக்கத் தேவையில்லை. ஒரே கம்பிக்குள் ரெண்டு நெட்வொர்க்கை ஒன்றையொன்று பார்க்காமல் ஓட்டலாம். அதற்குப் பெயர் விலேன். பெட்டிக்குள் பெட்டி மாதிரி, ஒவ்வொரு செய்திக்கும் ஸ்விட்ச் ஒரு எண் ஒட்டி அனுப்பும். பில்லிங்குக்கு 10, கேமராவுக்கு 20, விருந்தினருக்கு 30 என்று வைத்துக்கொள்ளலாம். புடவை பார்க்க வந்தவரின் போனிலிருந்து உங்கள் சர்வர் தெரியக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

படி 5: தெருவைத் தாண்டி குடோனுக்கு

ரெண்டு மூன்று கட்டடங்களைச் சேர்த்து ஒரே நிர்வாகம் நடத்தினால் அதைக் கேம்பஸ் நெட்வொர்க் என்பார்கள். கல்லூரி, மில், ஆஸ்பத்திரி எல்லாம் இந்த வகை. குடோன் முப்பது மீட்டரில்தானே இருக்கிறது, கேட் 6-ஐயே இழுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ரெண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு, நடுவில் செம்புக் கம்பி. ஐப்பசி மழையில் அருகில் ஒரு இடி விழுந்தால் ரெண்டு பக்கமும் ஸ்விட்ச் போய்விடும், சர்வரும் கூடவே போகலாம். கண்ணாடி இழைக்கு இந்தப் பயம் இல்லை, அது மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள்.

பொதுத்தெருவின் குறுக்கே கேபிள் கட்ட அனுமதி வேண்டும். அது முடியாதென்றால் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் வயர்லெஸ் பிரிட்ஜ் ஒரு ஜோடி. நடுவில் விளம்பரப் பலகை, தென்னை ஓலை எதுவும் வராமல் இருக்க வேண்டும். ஓலை வளரும் என்பதை ரெண்டாவது வருடம்தான் நினைப்போம்.

படி 6: ஊருக்குள்

இதுவரை கம்பி உங்களுடையது. வாசலைத் தாண்டினால் கேபிள்காரருடையது. ஊர் முழுக்கப் பரவிய அவருடைய ஃபைபர் வலைதான் நம் கண்ணில் படும் மேன். ஈபி போஸ்ட்டில் சுருட்டிக் கட்டிய கருப்புக் கேபிள், அங்கங்கே கருப்பு டப்பா. டப்பாவுக்குள் ஸ்ப்ளிட்டர். ஒரு இழையில் வரும் ஒளியை எட்டு வீடு, பதினாறு வீடு என்று பிரிக்கிறது. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரு இழை வினாடிக்கு சுமார் 2.5 கிகாபிட் கொண்டுவரும், 1.25 கிகாபிட் கொண்டுபோகும். 32 அல்லது 64 பேர் அதைப் பகிர்ந்துகொள்வார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வேகம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைக்குள் வரும் வெள்ளைப் பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை, நேராகக் கேபிள்காரருக்குப் போன் செய்யுங்கள். சிவப்பு இல்லாமல் அடிக்கடி துண்டித்தால், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் அளவு இருக்கும். அது -27 டிபிஎம்மை (ஒளியின் வலிமைக்கான அலகு) நெருங்கினால் எங்கோ இழை மடங்கியிருக்கிறது அல்லது ஒட்டு சரியில்லை. எண்ணைச் சொல்லிப் பேசினால் கேபிள்காரரின் பேச்சே மாறும்.

கடை வியாபாரத்துக்கு ரெண்டு இணைப்பு வேண்டும். ரெண்டும் ஒரே போஸ்ட்டில் வந்தால் லாரி இடிக்கும்போது ரெண்டும் சேர்ந்தே போகும். ஒன்று ஃபைபர், இன்னொன்று சிம் போடும் 4ஜி ரவுட்டர் என்று வையுங்கள்.

படி 7: தென்காசிக் கிளை

ஊர் விட்டு ஊர் இணைந்தால் வேன், அதாவது அகலப்பரப்பு நெட்வொர்க். ரெண்டு வழி. ஒன்று, தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் லீஸ்டு லைன் வாங்குவது. வங்கிகள் செய்வது. உத்தரவாதம் உண்டு, விலை பலமடங்கு. இன்னொன்று, ரெண்டு கடையிலும் இருக்கும் சாதாரண இணைய இணைப்புக்கு மேலேயே பூட்டுப் போட்ட குழாய் ஒன்றைப் போடுவது. அதுதான் விபிஎன். ஜவுளிக்கடைக்கு இதுவே தாராளம். ஒயர்கார்டு அல்லது ஐபிசெக் என்ற விபிஎன் முறை தெரிந்த ரவுட்டர் ரெண்டு பக்கமும் வேண்டும்.

படி 1-இல் எண்ணை மாற்றச் சொன்னதன் காரணம் இங்கே வருகிறது. ரெண்டு கடையிலும் 192.168.1 வரிசை என்று வையுங்கள். தென்காசிக் கணினி நெல்லைச் சர்வரை 192.168.1.50 என்று தேடும். ‘அட, இது நம் வரிசைதானே, பக்கத்தில்தான் இருக்கும்’ என்று கடைக்குள்ளேயே கூவிப் பார்க்குமே தவிர, ரவுட்டர் பக்கம் அந்தச் செய்தி போகவே போகாது. குழாய் பச்சை விளக்கோடு கச்சிதமாக நிற்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. எண் வேறானால் பிரச்சினையே இல்லை.

ரெண்டாவது பள்ளம்: இணைய நிறுவனம் உங்களுக்கு உண்மையான பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து யாரும் உங்களை அடையக்கூடிய முகவரி, தருகிறதா? ரவுட்டரில் இணையப் பக்கத்து முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், பலருக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பங்குபோடுகிறார்கள். வெளியிலிருந்து உங்களைத் தட்ட வழியில்லை. ஒரு பக்கமாவது நிலையான பொது ஐபி கேட்டு வாங்குங்கள், மறுபக்கம் அதை நோக்கி வந்து சேர்ந்துகொள்ளும்.

குழாய் போட்டபின் தென்காசியிலிருந்து நெல்லைக் கடையின் பொது ஐபிக்கு ட்ரேசர்ட் கட்டளை ஓட்டிப் பாருங்கள், செய்தி போகும் வழியைக் காட்டும். ரெண்டு ஊருக்கும் நடுவே 55 கிலோமீட்டர்தான். ஆனால் ரெண்டு கடையும் வேறு வேறு நிறுவனத்தின் இணைப்பு என்றால் செய்தி பெரும்பாலும் சென்னை வரை போய்த் திரும்பும். அறுநூறு கிலோமீட்டர் போய், அங்கே கைமாறி, மறுபடி தெற்கே இறங்கும். ரெண்டு கடைக்கும் ஒரே நிறுவனத்தின் இணைப்பு வாங்கினால் இந்தச் சுற்று குறைய வாய்ப்புண்டு.

படி 8: சென்னைக்கு அப்பால்

இணையம் என்பது இப்படிப்பட்ட நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று கை கோத்ததுதான். நம் நாட்டில் பொதுமக்களுக்கு அது 1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய அரசு நிறுவனம் விஎஸ்என்எல் வழியாக வந்தது. இன்று சென்னைக் கடற்கரையில் கடலடி ஃபைபர்கள் கரையேறுகின்றன. அவற்றில் ஒன்று அந்தமானுக்குப் போகிறது: தீவுகளுக்கு இடையிலான பகுதிகளையும் சேர்த்துச் சுமார் 2,300 கிலோமீட்டர், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்குக் கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்கினால் கிட்டத்தட்ட அரை வினாடி. ஃபைபரில் ஒளி வினாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்பதால் அந்த மொத்த நீளத்தையும் போய்த் திரும்பினாலும் அதே கேள்வி பதிலுக்கு 23 மில்லிசெகண்ட் போதும். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) பில்லிங் மென்பொருளைக் கிளவுடில் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் ஒவ்வொரு பட்டனை அழுத்தும்போதும் தெரியும்.

ஸ்டோரேஜ் நெட்வொர்க் என்று ஒன்றும் பட்டியலில் வரும், சான் என்பார்கள். சர்வர்களுக்கும் டிஸ்க் அடுக்குகளுக்கும் மட்டுமான தனிவழி. டேட்டா சென்டர் சமாச்சாரம். நம் கடைக்கு பேக்கப் எடுக்க ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி போதும், அதைக் குடோனில் வையுங்கள். கடையில் தீப்பிடித்தால் சர்வரும் பேக்கப்பும் சேர்ந்து எரியக்கூடாது.

படி 9: ‘நெட் இல்லை’ என்று போன் வந்தால்

உள்ளிருந்து வெளியே போங்கள், ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பிங், அதாவது ‘இருக்கிறாயா’ என்று ஒரு முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கட்டளை. முதலில் ஸ்விட்சில் அந்தக் கணினியின் விளக்கு எரிகிறதா? அடுத்து ரவுட்டருக்கு, 192.168.10.1. பதில் வராவிட்டால் பிரச்சினை உங்கள் சுவருக்குள். வந்தால் வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு. அதற்கு வராவிட்டால் வாசலுக்கு வெளியே, கேபிள்காரர். அதற்கும் பதில் வந்து, இணையதளப் பெயருக்கு மட்டும் வராவிட்டால் பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. இணையம் நன்றாக இருந்து தென்காசி மட்டும் தெரியாவிட்டால் 192.168.20.1-க்குப் பிங் போட்டு விபிஎன்னைப் பாருங்கள்.

இந்த வரிசையையும், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற படத்தையும், கேபிள்காரர் எண்ணையும் ஒரே தாளில் எழுதி ராக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒட்டும்போது செல்லோடேப் வேண்டாம், ராக் சூட்டில் ஒரே கோடையில் உதிர்ந்துவிடும். லேமினேட் செய்து நாலு மூலையிலும் கேபிள் டை போட்டுக் கட்டினால் நிற்கும்.